சீசன் கானிவலுக்குப் போனால் பிள்ளைகள் எதையாவது படிப்பார்களா?

ஹட்டன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் போடுகிற கானிவலுக்கு மகளையும் (7 வயது) சின்னவனையும் (நாலரை) கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம், ஹட்டனில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி பஸ். நாத்தனார்தான் ஒரே பேச்சு, ரெண்டு நாள் பேரை (தோட்டத்துக் கூலியை) ராட்டினத்தில் கொட்டுவதற்கு ரெண்டு பயிற்சிப் புத்தகம் வாங்கலாமே என்று. பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே இந்த வயதில் எதையாவது கற்றுக்கொள்வார்களா, இல்லை நாமாகச் சொல்லிக்கொள்கிறோமா?

முன்பள்ளி_டீச்சர்:
கற்றுக்கொள்வார்கள், நீங்கள் அங்கே போய் டீச்சர் வேலை பார்க்காவிட்டால்! கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். வரிசையில் நிற்கிற நேரம்தான் நல்ல நேரம். நமக்கு முன்னால் எத்தனை பேர், ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், நம் முறை எத்தனையாவது சுற்று என்று மகளே கணக்குப் போடுவாள், வேறு வேலை இல்லையே. குதிரை ராட்டினத்தில் ரெண்டு வரிசை இருந்தால் ஒருவரை உள்ளேயும் ஒருவரை வெளியேயும் உட்கார வையுங்கள். ஒரே சுற்றில் வெளிக்குதிரை அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் அதுதான் வேகம், இறங்கினதும் யார் வேகமாகப் போனார்கள் என்று சண்டை வரும், வரட்டும். அப்புறம் அங்கே கடையில் தொங்குகிற சிப்ஸ் பக்கட்டைக் காட்டுங்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் கீழே அடைத்து வந்த பக்கட் பலூன் மாதிரி உப்பிக் கிடக்கும்.

பழைய_ராட்டினக்காரன்:
ஆறு வருசம் கானிவல் வேலை பார்த்தவன். தங்கச்சி, ஏற்றுவதற்கு முன் அந்தப் படகு ஊஞ்சலின் அடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க, வேலிக்கு வெளியே குனிந்தாலே தெரியும். பெரும்பாலான படகுகளுக்கு அடியில் மோட்டாரில் ஓடுகிற டயர் இருக்கும். படகு கீழே வந்து அதைக் கடக்கிற நொடியில் டயர் அடிவயிற்றைத் தொட்டு ஒரு உந்து உந்திவிடும், அவ்வளவுதான். தோட்டத்து மரத்தில் கயிறு கட்டித் தம்பியை ஆட்டிவிடுகிற பிள்ளைக்கு இது சொல்லாமலே புரியும், நேரம் பார்த்துத் தள்ளணும் என்று.

இன்னொன்று, உயரக் கம்பு. சின்னவன் எட்டாவிட்டால் "பரவாயில்லை அண்ணா, ஏத்துங்க" என்று கெஞ்ச வேண்டாம். ஆசன பெல்ட்டும் கம்பியும் பெரிய உடம்புக்கு அளவானது, சின்ன உடம்பு வழுக்கிவிடும். முதல் நாளே வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் அளந்து வையுங்க, அழுகை பாதி குறையும்.

பதுளை_தேயிலை:
நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். காசின் அருமை தெரியட்டும் என்று வரிசையில் நின்றபோதே மகளிடம், இந்த ஒரு டிக்கட் அம்மா பறிக்கிற இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்குச் சொன்னேன். எட்டு வயது, கணக்கில் கெட்டி. கொஞ்ச நேரம் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கொழுந்துக் கறை படிந்த விரலை. பிறகு "எனக்குத் தலை சுத்தும்மா, வேணாம்" என்று வரிசையை விட்டு வந்துவிட்டாள். அன்று முழுக்க எதிலும் ஏறவில்லை. எவ்வளவு கெஞ்சியும். காசைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் வேறு விதமாக. ஆளுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடுங்கள், ராட்டினமா பஞ்சு மிட்டாயா என்று அவர்களே முடிவு செய்யட்டும். முடிந்ததும் முடிந்தது.

தாத்தா_மஸ்கெலியா:
பிள்ளையின் ஜேர்சிக்கு உள்பக்கம் போன் நம்பர் எழுதுங்கள் அம்மா. பின்னேரம் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. தொலைந்தால் எங்கே நிற்பது என்று போனதும் ஒரு இடத்தைக் காட்டிவையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஹட்டன்_அம்மா:
போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி. சின்னவன் கம்புக்கு நாலு விரல் குறைவு, ஆனால் அழவில்லை, "வீட்டுக் கோடும் அதைத்தானே சொல்லிச்சு" என்றான். டயரைப் பார்த்தாயிற்று. மகள் 500 ரூபாயை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு தம்பியிடம் கடன் கேட்டாள், அவன் கொடுக்கவில்லை.

நான் எதிர்பார்க்காதது வேறு. வரிசையில் முன்னால் நின்ற சிங்களப் பிள்ளை அண்ணனை "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டதும், அந்தப் பையன் என்ன பெரிய தொரையா என்று மகள் என் காதில் கேட்டாள். சிங்களத்தில் அண்ணனுக்கு அதுதான் பெயர் என்றேன். அப்போதிருந்து சின்னவன் அவளை "ஐயா" என்றுதான் கூப்பிடுகிறான், அக்காவுக்கு "அக்கா"தான் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

நாத்தனாரும் வந்தார். படகில் ரெண்டு தடவை ஏறினார், சொந்தக் காசில்.