கதிர் வீட்டுச் சிப்பி

*கதிர், மாலை 7:10*
அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் நான் படம் அனுப்பிய, என் கடல்நீர்த் தொட்டியில் வளரும் டெராசா என்ற ராட்சதச் சிப்பி மூன்று நாள்களாகத் தன் வண்ணத் தசையை முன்போல் விரிக்கவில்லை. சிங்கப்பூர் வெக்கைக்குச் சில்லர் என்ற குளிரூட்டி வைத்துத் தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். பட்டினி கிடக்கிறதோ என்ற பயத்தில், புட்டியில் விற்கும் பச்சை நுண்பாசித் தீனியைக் காலையும் மாலையும் ஊற்றுகிறேன், பலன் இல்லை. செல்வி அக்கா, எட்டு ஆண்டுகளாகச் சிப்பி வளர்ப்பவர் நீங்கள், என்ன செய்யலாம்?

*செல்வி அக்கா, 7:24*
முதலில் அந்தப் புட்டியை மூடி வை, தம்பி. டெராசா போன்ற டிரைடாக்னா இனச் சிப்பிகள் நீரை வடிகட்டி மட்டும் உண்பவை அல்ல. பவளங்களில் இருப்பதைப் போன்ற நுண்பாசிகள் அவற்றின் வண்ணத் தசைக்குள் ஏராளமாகக் குடியிருந்து, விளக்கொளியில் ஒளிச்சேர்க்கை செய்து, தாம் உண்டாக்கும் உணவில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. அந்தக் குடித்தனக்காரர்களுக்கு உரம் வேண்டுமல்லவா? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றைச் சிப்பி தண்ணீரிலிருந்தே உறிஞ்சி அவற்றுக்குத் தருகிறது. உன் தொட்டியின் அளவுகளை அனுப்பு.

*கதிர், 7:41*
உப்புத்தன்மை 1.025, கால்சியம் 420, அல்கலினிட்டி (நீரில் கரைந்த கார்பனேட் அளவு) 8.4 டிகிரி, மக்னீசியம் 1300. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். பாஸ்பேட் நீக்கியும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் இரவு பகலாக ஓடுவதால் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. நண்பரிடம் இரவல் வாங்கிய பார் மீட்டரில் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் கருவி), சிப்பி இருக்கும் மணல்மீது வெளிச்சம் 90தான் காட்டுகிறது.

*செல்வி அக்கா, 7:58*
நீ பெருமையாகச் சொல்லும் அந்தக் கண்ணாடித் தண்ணீர்தான் அதைப் பட்டினி போடுகிறது. நீ ஊற்றிய தீனியில் பெரும்பகுதியை ஸ்கிம்மர் குடித்திருக்கும். பாஸ்பேட் நீக்கியைக் கழற்றிவிட்டு, மீன்களுக்குச் சற்றுத் தாராளமாக உணவிட்டு, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 என்ற அளவுக்கு மெல்ல ஏறவிடு. டெராசாவுக்குப் பார் 200 அளவில் இருந்தால் நல்லது. மாக்சிமா, குரோசியா வகைகள் இன்னும் அதிகம் கேட்கும். ஆனால் விளக்கை ஒரே நாளில் ஏற்றிவிடாதே. இருட்டுக்குப் பழகிய சிப்பி திடீர் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால், இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக உயர்த்து.

*மாமா, தூத்துக்குடி, 8:06*
மருமகனே, விளக்கை ஏற்றுவதைவிடச் சிப்பியைத் தூக்கி மேலே பாறைமீது வைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

*செல்வி அக்கா, 8:15*
வேண்டாம் மாமா. டெராசா மணலில் இருக்கும் வகை; பாறை உச்சியில் வைத்தால் உருண்டு விழும். அதோடு, அடிப்பக்கத்திலிருந்து வரும் பற்றிழைகளால் அது எதையாவது பிடித்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அந்த இழையைச் சுரக்கும் உறுப்பே பிய்ந்து, சில நாள்களில் சிப்பி இறந்துபோகும். இறந்த சிப்பி ஒரே இரவில் தொட்டித் தண்ணீரையும் கெடுத்துவிடும். நகர்த்தியே ஆக வேண்டுமானால், பிடித்திருக்கும் கல்லோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

*மீனா சித்தி, 8:22*
அப்படியானால் அந்தப் பச்சைத் தீனி வீண்தானா, செல்வி?

*செல்வி அக்கா, 8:30*
முழு வீண் என்று சொல்ல மாட்டேன், சித்தி. 5 செ.மீ.க்கும் குறைவான குஞ்சுகளுக்கு நான் வாரம் இரண்டு முறை உயிருள்ள நுண்பாசி கொடுப்பதுண்டு. குளிர்பானப் புட்டியின் மேல்பாதியை வெட்டிச் சிப்பிமீது கவிழ்த்து, அதற்குள் தீனியைச் செலுத்தி அரைமணி நேரம் விட்டால் பிற இடங்களுக்குப் பரவாது. கதிரின் சிப்பி 9 செ.மீ. இருக்கும், அதற்கு வெளிச்சமும் மீன் கழிவுமே சாப்பாடு. கதிர், இன்னொன்று: விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து ஓட்டின் விளிம்பையும் அடிப்பக்கத்தையும் பார். அரிசிமணி அளவில் வெண்ணிற நத்தைகள் இருந்தால் அவை சிப்பியின் உடற்சாற்றை உறிஞ்சுபவை.

*கதிர், இரவு 11:52*
நான்கு நத்தைகள் இருந்தன அக்கா. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டேன்.

*செல்வி அக்கா, 11:55*
ஓட்டின் மடிப்புகளில் பசைபோல் ஒட்டியிருக்கும் முட்டைகளையும் தேய்த்து எடு. அவை பொரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், சில வாரங்களுக்கு இந்த இரவு வேலையை விடாதே. இத்தனை நாள் வாட்டத்துக்கு வெளிச்சம் பாதி, இந்தத் திருடர்கள் பாதி என்று நினைக்கிறேன்.

*கதிர், 24 நாள்களுக்குப் பின், காலை 9:05*
அக்கா, பார் 180க்கு வந்துவிட்டது. பத்து நாள்களாக நத்தை எதுவும் தென்படவில்லை. தசை ஓட்டைத் தாண்டி விரிகிறது, என் கைநிழல் பட்டால் சட்டென்று சுருங்குகிறது. ஆனால் அல்கலினிட்டி 8.4இலிருந்து 7.5க்கு இறங்கியிருக்கிறது. எங்கே தவறு செய்தேன்?

*செல்வி அக்கா, 9:12*
ஓட்டின் மேல்விளிம்பில் புதிதாக வெள்ளைக் கோடு தெரிகிறதா?

*கதிர், 9:20*
ஆமாம், ஏறத்தாழ 2 மி.மீ. அகலத்தில்.

*செல்வி அக்கா, 9:23*
அந்தப் புது ஓட்டைக் கட்டத்தான் அல்கலினிட்டி போயிருக்கிறது. கால்சியம், அல்கலினிட்டி கரைசல் இரண்டையும் நாளும் கொஞ்சம் கூட்டி ஊற்று; ஆனால் ஒரே நாளில் அல்கலினிட்டியை 1 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடாதே.