18-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியா சந்தை: மெழுகுவர்த்தி, இறகுப் பேனா, வெண்ணெய்க் கடைகளுக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். வர்ஜீனியாவில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலனிக் காலச் சந்தை நடக்கிறது. களம் பிரிட்டனின் காலனியாக இருந்த அமெரிக்க வர்ஜீனியா, 1750 முதல் 1775 வரை. பெற்றோர் குழுவிடம் நான்கு கடைகளை ஒப்படைத்திருக்கிறார்கள்: மெழுகுவர்த்தி, இறகுப் பேனாவும் மையும், வெண்ணெய், விளையாட்டு. திறந்தவெளி, காலை 10 முதல் 2 மணி வரை. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 200 பேர். எல்லாரும் எல்லாக் கடைக்கும் வருவார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இவை. ஒவ்வொன்றுக்கும் பொருள் எவ்வளவு வாங்குவது? எங்கே சொதப்பும்? விளையாட்டுகளில் எவை நிஜமாகவே அந்தக் காலத்தவை? இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் 1700-ம் 1800-ம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

---

திரிவிளக்கு:
மெழுகுவர்த்திக் கடையில் முதல் கணக்கு மெழுகு இல்லை, நேரம். 240 நிமிடத்தில் 200 பேர். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராக முக்கச் சொன்னால் பாதிப் பேர்கூட முடிக்க மாட்டார்கள். மேசையைச் சுற்றி வட்டமாக நடக்கவிடுங்கள். ஒரு சுற்றுக்கு 13 பேர், ஆளுக்கு ஒரு குச்சியில் கட்டிய ஒரு திரி. டப்பா அருகே வந்ததும் ஒரு முக்கு, அப்படியே நடை. மறுபடி டப்பாவுக்கு வருவதற்குள் ஒரு நிமிடம் ஓடியிருக்கும், மெழுகும் உறைந்திருக்கும். 10, 12 முக்கில் பென்சில் தடிமன் வந்துவிடும். ஒரு குழுவுக்கு 15 நிமிடம், மொத்தம் 16 குழு.

தேன்மெழுகே வாங்குங்கள். பாரபின் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது, அது வேண்டாம். 12 செ.மீ. நீள வர்த்திக்கு 6 முதல் 8 கிராம் பிடிக்கும். 200 பேருக்கு ஒன்றரைக் கிலோ. ஆனால் கடைசிப் பிள்ளை முக்கும்போதும் டப்பா நிறைந்திருக்க வேண்டுமே! 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழமுள்ள டப்பாவை நிரப்பவே மூன்று கிலோவுக்கு மேல் போகும். சிந்துவதையும் சேர்த்து ஐந்து கிலோ வாங்கினால் கையைக் கடிக்காது.

வெப்பம்தான் எல்லாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். டப்பாவில் 68 முதல் 72 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 75-ஐத் தாண்டினால் ஏற்கெனவே படிந்த மெழுகும் கரைந்து கீழே போய்விடும், பிள்ளை பத்து முறை முக்கியும் திரி ஒல்லியாகவே இருக்கும். 65-க்குக் கீழே போனால் கட்டிகட்டியாக ஒட்டும். வெப்பமானியை டப்பாவிலேயே தொங்கவிட்டு, அதைப் பார்க்க மட்டும் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். மெழுகு குறையும்போது குளிர்ந்த துண்டுகளைப் போடாதீர்கள், சட்டென்று சூடு இறங்கும். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் உருக்கி வைத்து ஊற்றுங்கள்.

முதல் முக்கு மட்டும் நீளமானது: திரியிலிருந்து காற்றுக்குமிழ் வருவது நிற்கும்வரை, அரை நிமிடம் போல. வெளியே எடுத்ததும் இரண்டு முனையையும் பிடித்து இழுத்து நேராக்கவும். திரி அடியில் ஒரு சின்ன இரும்பு வாஷர் கட்டினால் மிதக்காது. அடுத்த முக்குகள் எல்லாம் உள்ளே போனதும் வெளியே, 2 நொடிக்கு மேல் கூடாது. சீக்கிரம் ஆற வைக்கக் குளிர்ந்த நீரில் முக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. துடைக்காமல் விட்டால் நீர்த்துளி அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, எரியும்போது பட்பட்டென்று வெடிக்கும். நடக்கும் வட்டம் இருந்தால் அது தேவையே இல்லை.

மெழுகு டப்பாவை நேரடித் தீயில் வைக்கவே கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்தான். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூட வேண்டும். மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஒரு செய்முறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் முறுக்கு நூலைத் திரியாக வைத்து ஒன்றும், கடையில் கிடைக்கும் பின்னல் திரியில் ஒன்றுமாக இரண்டு வர்த்திகளைக் காற்று படாத இடத்தில் ஏற்றிவையுங்கள். பத்து நிமிடத்தில் முறுக்குத் திரியின் தலையில் கரி காளான்போல் திரண்டு புகையும், சுடர் மங்கும். பின்னல் திரி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே எரிந்து சாம்பலாகும். பின்னல் திரி 1820-களில் பிரான்சில் வந்தது. அதற்கு முன் ராத்திரி முழுக்கக் கத்தரிபோன்ற கருவியால் திரியின் கரியை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கருவி வீட்டுக்கு வீடு இருந்த காரணம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும்.

அன்றைய சாதாரண வீட்டில் தேன்மெழுகு கிடையாது, மாட்டுக்கொழுப்புதான். நாறும், வெயிலில் இளகும், எலி தின்னும். பெஞ்சமின் பிராங்க்ளினின் அப்பா பாஸ்டனில் இந்தத் தொழில்தான் செய்தார். மகன் 10 வயதில் அங்கே திரி வெட்டினான், அச்சில் கொழுப்பு ஊற்றினான். உங்கள் சந்தைக்கு வரும் பிள்ளைகளின் வயது.

---

ஏட்டுச்சுவடி:
மையைக் கடையில் வாங்காதீர்கள், தோழி. அன்றைய மைக்கு வேண்டிய மூன்று சரக்குக்கும் நம் நாட்டுமருந்துக் கடைப் பெயர் உண்டு: மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), வேலம்பிசின். ஐரோப்பாவில் 'அலெப்போ காய்' என்று விற்றதும் நம் மாசிக்காயும் ஒரே ஓக் மரத்தில், குளவி முட்டையிட்ட இடத்தில் வீங்கி வருவதுதான். அன்னபேதியில் பச்சைப் படிகமாக இருப்பதைக் கேளுங்கள், மருந்துக்காகச் சுட்டுச் செந்தூரப் பொடி ஆக்கியது உதவாது.

எடைக் கணக்கு 3:2:1, தண்ணீர் 30. அதாவது மாசிக்காய் 30 கிராம், அன்னபேதி 20, பிசின் 10, மழைநீர் அல்லது வடித்த நீர் 300 மி.லி. 200 பேர் ஆளுக்கு இரண்டு வரி எழுத இது தாராளம்.

காயை மிளகு அளவுக்கு இடித்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் நீரூற்றி ஒரு வாரம் ஊறவிடவும். இரும்புப் பாத்திரம் கூடாது. துணியில் வடிகட்டி, அன்னபேதியைப் போட்டதுமே நிறம் கறுக்கத் தொடங்கும். பிசினைக் கொஞ்சம் வெந்நீரில் தனியாகக் கரைத்துக் கடைசியில் சேர்க்கவும். இரண்டு நாள் வைத்திருந்து எழுதிப் பாருங்கள். பூசணம் வராமல் இருக்க இரண்டு கிராம்பு போதும்.

எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். காற்று பட்டு இரும்பு மாறுவதுதான் காரணம். பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பது இதைத்தான், அவசரப்பட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். பிசின் குறைந்தால் காகிதத்தில் மை பரவும், கூடினால் பேனாவிலிருந்து இறங்காது. அன்னபேதி கூடினால் நாளாவட்டத்தில் காகிதத்தையே அரிக்கும், பழைய ஆவணங்களில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகக் கிடப்பது அதனால்தான். துணியில் பட்டால் கறை போகாது; ஏப்ரன் கட்டாயம். வாயில் வைக்கவும் கூடாது.

பேனாவுக்குப் பெருவாத்து (goose) இறகு, பதப்படுத்தியதாகப் பார்த்து வாங்குங்கள். பதப்படுத்தாத தண்டு மெத்தென்று இருக்கும், பிளவு நேராக ஓடாமல் கிழியும். நீங்களே செய்வதானால் தண்டை ஒரு ராத்திரி நீரில் ஊறவைத்து, 175 டிகிரி வரை சூடாக்கிய மணலில் செருகி ஆறவிடுங்கள். பால்வெள்ளையாக இருந்தது கண்ணாடிபோலத் தெளியும். வலக்கையால் எழுதுபவருக்கு இடச்சிறகின் இறகு. அதன் வளைவு முகத்தை விட்டு வெளிப்பக்கம் போகும். தூவியைக் கைபிடிக்கும் இடத்திலாவது சீவிவிடுங்கள். அன்று எழுத்தர்கள் பெரும்பாலும் மொட்டையாக்கியே எழுதினார்கள், படங்களில் வரும் புசுபுசு இறகு அலங்காரம்தான்.

வெட்டு இப்படி: முதலில் முனையில் நீளமான சாய்வு வெட்டு. பிறகு நடுவே 5, 6 மி.மீ. பிளவு. அதற்கடுத்து இன்னும் ஆழமாக ஒரு குழி வெட்டு, இரண்டு பக்கமும் தோள் சரித்தல், கடைசியாகக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து முனையை ஒரே அழுத்தில் துண்டித்தல். பிளவு நீண்டுவிட்டால் அழுத்தும்போது முனை அகன்று மை கொட்டும். வெட்டுவது பெரியவர்கள், பிள்ளைகள் எழுதட்டும். 40 பேனா தயாராக இருந்தால் ஒருவர் பின்னால் உட்கார்ந்து தேய்ந்ததைச் சீவிக்கொண்டே சமாளிக்கலாம்.

இறகில் எஃகு நிப்பு செருகியதை விற்பார்கள், வாங்கவே வாங்காதீர்கள். எஃகு நிப்பு பெருவாரியாக வந்தது 1820-களுக்குப் பிறகு.

---

வன்னிமகள்:
வெண்ணெய்க்கு நான் சொல்லுறன். பிள்ளைகள் சாப்பிடப் போகும் வெண்ணெயை வெண்ணெய் கடையிற மரப் பீப்பாயில கடையாதேங்கோ, மரத்தைச் சரியாய்க் கழுவ ஏலாது. 5 பேருக்கு ஒரு கண்ணாடிப் போத்தல், அதுக்குள்ள 120 மி.லி. கொழுப்புக் கூடின கிரீம். பாதிக்கு மேல நிரப்பினா அடிபட இடமிருக்காது. 40 போத்தலுக்கு 5 லீட்டர் கிரீம் வாங்குங்கோ.

கிரீம் 13 முதல் 16 டிகிரியில இருக்கவேணும். குளிர்பெட்டியால எடுத்த உடன குலுக்கினா நுரைக்கும், திரளாது. வெயில்ல வைச்சா கொழகொழவெண்டு வரும், கழுவினாலும் மோர் போகாது. 10 முதல் 15 நிமிஷம் குலுக்க, திடீரெண்டு சத்தம் மாறும்: சளசளவெண்டு இருந்தது 'தொப்'பெண்டு விழும். உடன நிப்பாட்டி, மோரை வடிச்சு, குளிர்ந்த தண்ணியில இரண்டு மூண்டு தரம் கழுவி உப்புப் போடுங்கோ.

காட்சிக்கு மேலகீழ இடிக்கிற மரப் பீப்பாய் ஒண்டு வையுங்கோ. முதல்நாள் இரவே தண்ணி நிரப்பி வைக்கவேணும், இல்லாட்டி பலகை இடுக்கால ஒழுகும். பக்கத்தில எங்கட மத்தும் கயிறும் வைச்சா நல்லது. இடிக்கிறதும் சுழட்டுறதும் செய்யிற வேலை ஒண்டுதான்.

---

கம்பிமத்தாப்பு:
விளையாட்டுக்கு வருவோம். வளையம் உருட்டுதல், ஒன்பது கட்டை, களிமண் கோலி, கிண்ணப்பந்து (நூலில் கட்டிய பந்தைக் கிண்ணத்தில் பிடிப்பது), மட்டையும் இறகுப்பந்தும், இரும்பு வளையம் எறிதல்: இவை எல்லாம் அந்தக் காலத்தவை. இரண்டு குச்சியால் வளையத்தை வீசிப் பிடிக்கும் 'கிரேசஸ்' எல்லாப் பட்டியலிலும் இருக்கும், ஆனால் அது 1800-க்குப் பிந்தியது. மரச் சுத்தியால் பந்தைக் கம்பி வளைவுகளுக்குள் அடிக்கும் குரோக்கே 1850-கள். இரண்டையும் அடித்துவிடுங்கள்.

கையால் செய்து எடுத்துப்போக ஒன்று வேண்டுமென்றால் நூல் சுழலி. நாம் சோடா மூடியைத் தட்டி நூல் கோத்துச் சுற்றியதேதான். 5 செ.மீ. மரவட்டு, மையத்திலிருந்து இரண்டு பக்கமும் அரை செ.மீ. தள்ளி ஒவ்வொரு துளை, 1 மீட்டர் நூல். துளைகள் மையத்துக்குச் சமதூரத்தில் இல்லையென்றால் வட்டு தள்ளாடும், ரீங்காரம் வராது. அச்சு வைத்து முன்கூட்டியே துளையிட்டுத் தாருங்கள்.

நிகழ்ச்சி நிரலுக்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1737-இல் வர்ஜீனியா கெசட் பத்திரிகை ஹானோவர் வட்டாரத்தில் புனித ஆண்ட்ரூ நாள் விழாவுக்கு அறிவிப்பு போட்டது: 20 பேர் வாசித்து வெல்பவருக்கு வயலின், மல்யுத்தத்துக்கு வெள்ளிக் கொக்கிகள், நடனத்துக்கு ஒரு ஜோடி காலணி. 12 வயதுப் பையன்கள் 12 பேர் 112 கெஜம் ஓடி ஒரு தொப்பியை வெல்ல வேண்டும். 112 கெஜம் ஏறக்குறைய 102 மீட்டர், பள்ளி மைதானத்தில் அப்படியே நடத்தலாம்.

வயலின் வாசிப்பவரை அமர்த்தினால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த விருந்துகளில் வாசித்தவர்களில் பலர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். தப்பியோடியவர்களைப் பிடிக்கப் போட்ட விளம்பரங்களிலேயே 'பிடில் வாசிப்பான்' என்று அடையாளம் எழுதியிருக்கிறார்கள். 1775-இல் வில்லியம்ஸ்பர்க் நகரத்தில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். தொப்பியும் கொக்கியும் மட்டும் காட்டினால் அந்த ஊரில் பாதியைக் காட்டாமல் விட்டதாகிவிடும்.

---

சாரல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டே சந்தேகம். பெற்றோர் போடும் உடைக்கு எந்தத் துணி? இன்னொன்று, ஒரு கொல்லர் உலையோடு வந்து ஆணி அடித்துக்காட்டுவதாகச் சொல்கிறார். எவ்வளவு இடம் விட வேண்டும்?

---

துருத்தி:
உடை முதலில். மெழுகு, உலை இரண்டு பக்கமும் நிற்பவர்கள் பாலியஸ்டர் போடவே கூடாது. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். லினன், பருத்தி, கம்பளிதான். பெண்களுக்குப் பூப்போட்ட பருத்தி மேலங்கி தாராளமாகப் போடலாம், நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத்துணி அங்கே விரும்பி உடுத்திய சரக்கு. 1721-இல் பிரிட்டனுக்குள் அச்சிட்ட பருத்தியை உடுத்தத் தடை வந்தபோதும் காலனிகளுக்கு ஏற்றுமதி நடந்தது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் உள்ள துணியாகத் தேடுங்கள்.

உலையைச் சுற்றி 3 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். புகை கூட்டத்தின் பக்கம் போகாதபடி காற்றுத் திசை பார்த்து வையுங்கள். நல்ல வெயிலில் வேண்டாம், இரும்பின் நிறம் கொல்லருக்கே தெரியாது. மேலே ஒரு நிழல் இருந்தால் ஆரஞ்சா மஞ்சளா என்று பிள்ளைகளும் பார்ப்பார்கள். துத்தநாகம் பூசிய கம்பி எதுவும் உலைக்குள் போகக் கூடாது, புகை நஞ்சு.

ஆணிக்குக் கால் அங்குலச் சதுரக் கம்பி. காய்ச்சி நான்கு முகமாகக் கூராக்கி, உளிமேல் வைத்து முக்கால்வாசி வெட்டி, சதுரத் துளையுள்ள ஆணிப்பட்டையில் செருகி ஒடித்து, மூன்று நான்கு அடியில் தலை தட்டுவார்கள். எல்லாம் ஒரே சூட்டில். இரண்டாவது சூடு வேண்டியிருந்தால் கம்பியைச் சரியாகக் காய்ச்சவில்லை என்று அர்த்தம். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சனின் மாண்டிசெலோ பண்ணையில் 1794-இல் தொடங்கிய ஆணிப்பட்டறையில் இந்த வேலையைச் செய்தவர்கள் 10 முதல் 16 வயது அடிமைச் சிறுவர்கள். காலனிக் காலம் முடிந்த பிறகுதான், ஆனால் கருவியும் முறையும் இதேதான், ஆகவே கொல்லர் சொல்லலாம்.

அடித்த ஆணியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் தண்ணீர் வாளியில் போட்டு, பெரியவர் ஒருவர் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்த பிறகே கொடுக்கட்டும். செக்கச்சிவந்த இரும்பை யாரும் தொட மாட்டார்கள். கறுத்துப்போன பிறகும் 400 டிகிரி இருக்கும், அப்போதுதான் கை வைப்பார்கள்.