குழாய் திறந்தும் திசுவுக்கு ரத்தம் போகாத நிலை: பெர்ஃப்யூஷன் அளவீட்டில் உதவி தேவை

வணக்கம். பக்கவாதத்தில் மூளைக் குழாயின் ரத்தக்கட்டியை கதீட்டரால் எடுக்கும் த்ராம்பெக்டமிக்குப் பிறகு, ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்ப் படம்) டிஐசிஐ 2சி அல்லது 3, அதாவது ஓட்டம் ஏறக்குறைய முழுமையாகவோ முழுமையாகவோ மீண்ட தரம். ஆனால் 24 மணி நேரத்தில் எடுக்கும் எம்ஆர் பெர்ஃப்யூஷனில் (திசுவுக்குள் ரத்தம் பாய்வதை அளக்கும் ஸ்கேன்) இன்ஃபார்க்ட் பகுதி (ரத்தமின்றி இறந்த திசு) மங்கலாகவே இருக்கிறது. இதை நோ-ரீஃப்ளோ (குழாய் திறந்தும் திசுவுக்கு ஓட்டம் திரும்பாத நிலை) என்று எழுத எந்த அளவுகோலை வைத்திருக்கிறீர்கள்?

எதிர்ப்பக்க அதே இடத்தோடு ஒப்பிட்டு, சிபிவி (மூளைத் திசுவின் ரத்தக் கொள்ளளவு) அல்லது சிபிஎஃப் (ரத்த ஓட்டம்) 15%க்கு மேல் குறைந்தால் என்ற வரையறைதான் இப்போது கையில். சிக்கல் ஆர்ஓஐ (அளக்க வேண்டிய பகுதி) வரைவதில். பாசல் கேங்லியாவில் (மூளையின் ஆழப்பகுதி) சின்ன ரத்தக்கசிவு இருந்தாலே, பெர்ஃப்யூஷன் அளவுக்கு அடிப்படையான டி2* எம்ஆர் சிக்னல் விழுந்து அளவு பொய்யாகிறது. ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ எம்ஆர் படத்தைப் பக்கத்தில் வைத்து அந்த வாக்ஸல்களை (படத்தின் சிறு கனத்துண்டுகள்) வெட்டிவிட்டால், சில சமயம் மிஞ்சுவது விரல்நுனி அளவு இடம். அதை நம்பலாமா? வீக்கத்தால் நுண்குழாய்கள் நசுங்கியதையும், பெரிசைட் (நுண்குழாயைச் சுற்றிய செல்) சுருங்கியோ நியூட்ரோஃபில் (வெள்ளையணு) சிக்கியோ அடைத்ததையும் இந்தப் படத்தில் பிரிக்க முடியாது என்பதே என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். (எம்ஆர்ஏ என்ற எம்ஆர் ரத்தக்குழாய்ப் படத்தைப் பார்த்து மறு அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இந்தக் கேள்வியே.)

இன்னொன்று. 2022இல் வந்த சாய்ஸ் ஆய்வின்படி, த்ராம்பெக்டமிக்குப் பிறகு ஆல்டிப்ளேஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து) கிலோவுக்கு 0.225 மி.கி., 15 முதல் 30 நிமிடத்தில் தமனி வழியே கொடுப்பவர்கள் இருக்கிறீர்களா? 121 பேரோடு நின்றுபோன ஆய்வு என்பதால் தயக்கம். கொடுப்பவர்கள் மைக்ரோகதீட்டர் (மருந்து செலுத்தும் மெல்லிய குழல்) முனையை எங்கே நிறுத்துகிறீர்கள், சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தை (மேல் எண்) எந்த எல்லைக்குள் வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். 120க்குக் கீழே இறக்குவது கெடுதல் என்பது தெரியும். மேல் எல்லைதான் கேள்வி.