அம்மாவின் படங்கைக் கழுவலாமா?

லயத்துப்பிள்ளை (கொட்டாஞ்சேனை):
வணக்கம். அம்மாவின் மூன்று படங்குகளை வைத்து ஆளுயரச் சிற்பம் ஒன்று செய்கிறேன். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும்போது, தேயிலை வாது கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இடுப்பில் சுற்றிக் கட்டுவாரே, அந்தச் சாக்குப் படங்குதான். உள்ளே உருவம் எதுவும் வைக்கவில்லை. இடுப்பில் கட்டிய வளைவு மட்டும் நிற்க வேண்டும். கஞ்சி போட்டுப் பார்த்தேன். கொழும்புப் புழுக்கத்தில் ஒரே வாரத்தில் தளர்ந்து உட்கார்ந்துவிட்டது, மடிப்பெல்லாம் பூஞ்சணம். எப்படி நிறுத்துவது?

அப்புறம், தொடைக்கு நேரே கொழுந்துக் கறை இருக்கிறது. அம்மாவின் நகக்கண்ணிலும் அதே கறுப்புத்தான். கண்காட்சிக்கு வைக்க ஓரிடத்தில் காட்டியபோது, "கழுவிக் கொண்டுவாங்க, அப்போதுதான் வைக்கலாம்" என்றார்கள். மனம் வரவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, நாடற்றவராக்கியது. 2003இல் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. அதற்குள் அவர் பறிப்பை விட்டுப் பல வருடம். மலையகத் தமிழரான எங்களை ஏற்றுக்கொள்ள எப்போதும் ஏதாவது ஒன்றைக் கழுவச் சொல்கிறார்கள்.

தையல்கடை ஐயா (வெள்ளவத்தை):
பிள்ளை, கஞ்சி வேண்டாம். பூஞ்சணத்துக்கு அதுதான் சாப்பாடு. பழைய சோனகத் தெருவில் துத்தநாகம் பூசிய கோழிக்கூட்டு வலை வாங்கி வளைவை அதில் எடுங்கள். வலை சாக்கில் படாமல் நடுவே பருத்தி உள்துணி கொடுத்து, நீளத் தையலாய் ஓட்டுங்கள். பசை கூடாது, பிறகு பிரிக்க முடியாது. ஆனால் கறையைப் பற்றி நான் வேறு மாதிரிச் சொல்வேன். வியர்வை ஊறிய துணி நாளாக ஆக நூலிலேயே இற்றுப்போகும். இடுப்புப்பட்டியை மட்டுமாவது வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

நூல்கண்டு (தெகிவளை):
ஐயா சொல்வது சரி, இடுப்புப்பட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூஞ்சணத்தை வெயிலில் காயவைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு மென்தூரிகையால் தட்டினால் போதும். கொழுந்துக் கறையைத் தொடாதீர்கள். 1987 ஒக்டோபரில் வாஷிங்டனில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக விரித்த துணியில் ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழி அளவு. இறந்தவரின் உடுப்பையே சேர்த்துத் தைத்தவர்களும் உண்டு. அந்த நோயைப் பற்றி அமெரிக்க அரசாங்கம் பேசவே தயங்கிய காலம் அது. இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் சணற்கயிற்று உருவங்களையும் பாருங்கள். தறியே இல்லாமல் கையால் முடிச்சுப் போட்டே ஆளுயரத்துக்கு எழுப்பியவர்.

லயத்துப்பிள்ளை:
இருவருக்கும் நன்றி. வலை வாங்கி வளைத்துவிட்டேன், நிற்கிறது. பட்டியை மட்டும் அலசினேன், தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. கறை அப்படியே இருக்கிறது. அப்படியேதான் கொண்டுபோவேன். ஞாயிறு அம்மா வந்திருந்தார். நான் முடிச்சைப் பின்னால் போட்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து, இடப்பக்கம் வயிற்றோரமாய் இறுக்கிக் கட்டிவிட்டார்.