ஃபெயில்ஓவர் சரியாக நடந்தது, பிறகுதான் சிக்கல்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இரவுக்காவல்:

கிளவுடில் ஓடும் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. பிரைமரி (எழுத்துகளை ஏற்கும் முதன்மைச் சர்வர்) விழுந்துவிட்டால் ரெப்ளிகா (அதன் பிரதி) ஒன்றை அந்த இடத்துக்கு உயர்த்தும் வேலையை, அதாவது ஃபெயில்ஓவரை, மென்பொருளிடமே விட்டுவிடுகிறீர்களா, அல்லது ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நடக்கிறதா?

யூசெனிக்ஸ் அமைப்பு 2014 முதல் நடத்திவரும் எஸ்ஆர்இகான் மாநாடு (கணினி அமைப்புகளை விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கானது) 2023 ஜூனில் சிங்கப்பூரில் நடந்தபோது போயிருந்தேன். நிறையக் குறிப்பெடுத்தேன், அதில் பாதி இப்போது எனக்கே விளங்கவில்லை. இடைவேளையில் தரவுத்தளக்காரர் யார் அகப்பட்டாலும், “உங்களிடம் கடைசியாக ஃபெயில்ஓவர் நடந்தபோது எது உடைந்தது?” என்று கேட்டுவைத்தேன். தரவுத்தளமே உடைந்தது என்று சொன்னவர்கள் அரிது. அது சொன்னபடி மாறியிருக்கிறது. அதை நம்பி நின்றவைதான் தடுமாறியிருக்கின்றன.

இந்தப் பேச்சை யாரோடு தொடங்கினாலும் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் 2018 அக்டோபர் 21 சம்பவத்தில் வந்து நிற்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழுதான ஆப்டிகல் கருவி ஒன்றை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த அவர்களது தரவு மையத்துக்கு இணைப்பு 43 வினாடிகள் அறுந்தது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளக் கொத்துகளை (சேர்ந்து இயங்கும் சர்வர் குழுக்களை) கண்காணித்துவந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள், பிரைமரி போய்விட்டது என்று முடிவுசெய்து மேற்குக் கரையில் இருந்த சர்வர்களைப் பிரைமரி ஆக்கியது. அதன் அமைப்புப்படி அது செய்ததில் பிழையே இல்லை. ஆனால் கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்கு வந்து சேராத பதிவுகள் சில இருந்தன. இணைப்பு திரும்பியதும் மேற்கில் புதிய பதிவுகள் சேரத் தொடங்கின. ஆட்கள் நிலைமையைப் புரிந்துகொள்வதற்குள் ஏறத்தாழ 40 நிமிடப் பதிவுகள் அங்கே சேர்ந்துவிட்டன. இரு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு. எதைத் தூக்கி எறிவது? எறியமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். பேக்கப்பிலிருந்து டெராபைட் கணக்கில் மீட்டெடுத்து, ரெப்ளிகாக்களை மறுபடி ஒட்டி முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. மிகப் பரபரப்பான ஒரு கொத்தில், வந்து சேராத எழுத்துகள் 954தான். அந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிறகு அவர்கள் செய்த திருத்தங்களில் ஒன்று, வட்டாரம் (கிளவுடின் தரவு மையங்கள் இருக்கும் ஒரு புவிப்பகுதி) தாண்டிப் பிரைமரியை உயர்த்தக் கூடாது என்று ஆர்க்கெஸ்ட்ரேட்டருக்குக் கட்டுப்பாடு போட்டது. அதுதான் என் நிலைப்பாடும். ஒரே வட்டாரத்துக்குள் மென்பொருள் தாராளமாக முடிவெடுக்கட்டும். அமேசானின் அரோரா தரவுத்தளச் சேவையில் ஒவ்வொரு தரவுத் துண்டும் மூன்று மண்டலங்களில் (வட்டாரத்துக்குள் தனித்தனியான தரவு மையத் தொகுதிகளில்) ஆறு பிரதிகளாக இருக்கிறது. நான்கு பிரதிகள் ஒப்புக்கொண்டால்தான் எழுத்து நிலைபெறும். ரெப்ளிகாவும் அதே சேமிப்பிலிருந்துதான் படிக்கிறது. அங்கே ஃபெயில்ஓவரில் தரவு இழப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. வட்டாரம் தாண்டினால் கதை வேறு. அங்கே ரெப்ளிகா எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும்.

உங்கள் அனுபவம் என்ன?

நெல்லைக்காரி:

எங்களிடம் நடந்தது வட்டாரத்துக்குள்ளேயேதான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கிளவுட் நிறுவனமே நிர்வகிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். மாலை நேரம், கூட்டம் அதிகமான வேளையில் பிரைமரி இருந்த கணினி போனது. ஒரு நிமிடத்துக்குள் ரெப்ளிகா உயர்ந்துவிட்டது, கன்சோலில் பச்சை விளக்கு, குழுவில் கைதட்டல் படங்கள். பணம் செலுத்தும் பக்கம் மட்டும் எழவில்லை.

பதிவேட்டைத் திறந்தால் ஒரே வரி மறுபடி மறுபடி: வாசிக்க மட்டுமே அனுமதி உள்ள பரிவர்த்தனையில் இன்செர்ட் செய்ய முடியாது. அதாவது பழைய பிரைமரி மீண்டும் எழுந்து, இப்போது ரெப்ளிகாவாக நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஜாவா செயலி பழைய ஐபி முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு அதனிடமே போய்க்கொண்டிருக்கிறது. பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் பதிவு எப்போதோ மாறிவிட்டது. ஜாவா அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், இணைப்பு நலமா என்று பார்க்க நாங்கள் அனுப்பிய வினவல் வெறும் ‘செலக்ட் 1’. ரெப்ளிகாவும் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். ஆகவே கண்காணிப்புத் திரையில் எல்லாம் நலம், வாடிக்கையாளர் பக்கம் எல்லாம் பாழ்.

கடைசியில் செயலிகளை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்துதான் மீண்டோம். இப்போது டிஎன்எஸ் விடையை ஜாவா சில வினாடிகளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. இணைப்புகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு. நலச் சோதனையில், எதிரில் இருப்பது ரெப்ளிகாவா என்று போஸ்ட்கிரெஸ்ஸிடமே கேட்டுவிடுகிறோம். எழுத அனுமதிக்கும் சர்வரை மட்டும் தேர்ந்தெடு என்று இணைப்புச் சரத்திலேயே சொல்லும் வசதி, போஸ்ட்கிரெஸ்ஸின் சி நூலகத்தில் பதிப்பு 10 முதலே இருக்கிறது. எங்கள் குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

பாட்காரன்:

செயலிகளைப் பல கணினிகளில் பரப்பி இயக்கும் குபெர்னெட்டஸில் தரவுத்தளம் வைத்திருப்பவன் நான். சிரிக்காதீர்கள்.

முந்தைய வேலையிடத்தில் நோட்களை (அதன் கணினிகளை) புதுப்பிப்பதற்காக ஒவ்வொன்றாகக் காலிசெய்தார்கள். ஒவ்வொரு முறையும் போஸ்ட்கிரெஸ் பாட் (அங்கே செயலி ஓடும் அலகு) மூடப்பட்டு வேறு நோடில் எழுந்ததும் ‘முறையாக நிறுத்தப்படவில்லை, மீட்பு நடக்கிறது’ என்று முனகும். சில நிமிடங்கள் இணைப்பு கிடைக்காது. டிஸ்க்கைக் குறை சொன்னார்கள், நெட்வொர்க்கைக் குறை சொன்னார்கள். உண்மையில் நடந்தது இது: பாடை நிறுத்த குபெர்னெட்டஸ் வழக்கமாக அனுப்புவது சிக்டெர்ம் என்ற நிறுத்தும் சமிக்ஞை. போஸ்ட்கிரெஸ்ஸைப் பொறுத்தவரை சிக்டெர்ம் என்றால், ‘புதியவர்களைச் சேர்க்காதே, உள்ளே இருப்பவர்கள் தாமாகப் போகும்வரை காத்திரு’ என்று பொருள். இணைப்புக் குளத்தில் (செயலி திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில்) இருப்பவர்கள் தாமாக எங்கே போவார்கள்? 30 வினாடி இயல்புக் கெடு முடிந்ததும் குபெர்னெட்டஸ் உடனே கொல்லும் சிக்கில் சமிக்ஞையை அனுப்பிக் கதையை முடித்துவிடும். கல்யாண வீட்டில் விருந்தினர் கிளம்பட்டும் என்று காத்திருக்கும்போதே பந்தலைப் பிரிப்பதுபோலத்தான்.

அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் படிமத்தில் (பாட் எழுப்பப் பயன்படும் மென்பொருள் பொதியில்) இதற்காகவே நிறுத்தும் சமிக்ஞையை சிக்இன்ட் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். இணைப்புகளை அறுத்துவிட்டு ஒழுங்காக மூடிக்கொள்ளும். அங்கே சொந்தமாகப் படிமம் கட்டியிருந்ததால் அது இல்லை. சமிக்ஞையை மாற்றி, கெடுவையும் நீட்டிய பிறகு புதுப்பிப்பு நாள்கள் அமைதியாகப் போயின.

இன்னொன்று, கிளவுட் டிஸ்க் பெரும்பாலும் ஒரே மண்டலத்துக்குள் கட்டுப்பட்டது. பாட் மட்டும் அடுத்த மண்டலத்துக்குத் தாவிவிடும் என்று எண்ணிக்கொண்டு வரைபடம் போடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். டிஸ்க் வராது, பாட் பெண்டிங் நிலையிலேயே கிடக்கும். க்ளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஆபரேட்டரிடம் (தரவுத்தளத்தை நிர்வகிக்கும் துணை மென்பொருளிடம்) ஒப்படைத்தால் ஒவ்வொரு மண்டலத்திலும் தனித்தனி டிஸ்க்கோடு ரெப்ளிகா இருக்கும். அதற்கு மனமில்லை என்றால், தரவுத்தளத்தைக் குபெர்னெட்டஸுக்கு வெளியே வைத்துவிடுவது நல்லது. வெறும் ஸ்டேட்ஃபுல்செட்டை (பாட்களை நிலையான பெயரோடும் டிஸ்க்கோடும் இயக்கும் குபெர்னெட்டஸ் அமைப்பை) மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பது நடக்காத காரியம்.

பழையடிபிஏ:

தம்பிகள் எல்லோரும் ஃபெயில்ஓவர் பற்றியே பேசுகிறீர்கள். தவறான டெலீட் கட்டளை ரெப்ளிகாவுக்கும் அதே வேகத்தில்தான் போய்ச் சேரும். அப்போது மீட்டெடுப்பு ஒன்றுதான் கதி.

2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் ரெப்ளிகா என்று நினைத்துப் பிரைமரியின் தரவு அடைவை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது. பேக்கப் எடுக்கும் நிரல், சர்வரின் பதிப்பு 9.6 ஆக இருக்கத் தான் 9.2 ஆக ஓடி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டுவந்தன. அதே பொறியாளர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் தரவுப் பிரதிதான் காப்பாற்றியது. மீட்பை யூடியூபில் நேரலையாகக் காட்டிய அவர்களின் நேர்மைக்கு என் வணக்கம்.

நான் நேரில் பார்த்த ஒன்று. அமேசானில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து புது டிஸ்க் உருவாக்கினால் சில நிமிடங்களில் தயார் என்று காட்டும். மீட்பு ஒத்திகையில் இதைக் காட்டி மேலாளர் மகிழ்ந்தார். சர்வரை எழுப்பி வழக்கமான அறிக்கை ஒன்றை ஓட்டச் சொன்னேன். எப்போதும் கண்மூடித் திறப்பதற்குள் வருவது, தேநீர் குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை. காரணம், தரவுத் துண்டுகள் முதல்முறை தொடப்படும்போதுதான் எஸ்3 சேமிப்பிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. டிஸ்க் முழுவதையும் ஒருமுறை வாசித்து முடிக்கும்வரை அது பெயருக்குத்தான் டிஸ்க். 2019 இறுதியில் இதற்கென்று விரைவு மீட்பு வசதி வந்தது. தனிக் கட்டணம், முன்கூட்டியே இயக்கி வைத்திருக்கவும் வேண்டும். ஒத்திகையில் கடிகாரத்தை நிறுத்த வேண்டியது டிஸ்க் தயாராகும்போது அல்ல, அந்த அறிக்கை பழைய வேகத்தில் வரும்போது.

நெல்லைக்காரி:

இரவுக்காவல் அண்ணா, வட்டாரம் தாண்டும்போது மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும் என்கிறீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு அலாரத்தில் எழுந்த ஒருவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்?

இரவுக்காவல்:

நல்ல கேள்வி. அவரிடம் வரைபடங்கள் நிறைந்த திரையைக் கொடுத்தால் பயனில்லை. நாங்கள் ஒரே பக்கத்தில் மூன்று விஷயங்களை மட்டும் வைத்திருக்கிறோம்: அடுத்த வட்டார ரெப்ளிகா கடைசியாகப் பெற்ற பதிவின் நேரம், அதற்குப் பிறகு பிரைமரி எழுதியதாக நமக்குத் தெரிந்த அளவு, பழைய பிரைமரிக்கு இன்னும் எழுத்துகள் போய்க்கொண்டிருக்கின்றனவா என்பது. மூன்றாவதற்கு ‘போகவில்லை’ என்ற உறுதியான பதில் இல்லாமல் உயர்த்தும் பொத்தான் இயங்காது. வட்டாரத்துக்குள் இந்த வேலையை, போஸ்ட்கிரெஸ் ஃபெயில்ஓவரை நடத்தும் பட்ரோனி என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. தலைமைச் சாவியை (யார் பிரைமரி என்று குறிக்கும் பொதுப் பதிவை) புதுப்பிக்க முடியாத பிரைமரி தானே இறங்கிவிடும். இயல்பமைப்பில் அந்தச் சாவியின் ஆயுள் 30 வினாடி. ஒரு எம்பிக்கு மேல் பின்தங்கிய ரெப்ளிகா போட்டிக்கே வராது.

பழைய பிரைமரியை வெளியிலிருந்து எப்படிப் பூட்டுவது என்பதில்தான் எனக்கு இன்னும் திருப்தியில்லை. நாங்கள் செக்யூரிட்டி குரூப் (கிளவுடின் ஃபயர்வால்) விதியை மாற்றி அடைக்கிறோம். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் அதில் உடனே அறுவதில்லை. பாட்காரன், உங்கள் ஆபரேட்டரில் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

பாட்காரன்:

நாளை கொத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இன்று நான் பணிமுறையில் இல்லை, அலாரம் வேறொருவருக்குப் போகிறது.