மலைச்சரிவில் பீடங்களின் மேல் செல்லும் குழாய்: நிலநகர்வை ஸ்டாட் புரோவில் (கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருள்) எப்படிக் கொடுப்பது?

கேள்வி

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு அருகேயுள்ள ஒரு காப்பித் தோட்டத்துக்காக, 6 மீட்டருக்கு ஒரு கான்கிரீட் பீடம் என்ற கணக்கில் பெயரளவில் 200 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாய்ப்பாதை (வெளிவிட்டம் 219.1, தடிமன் 8.18 மி.மீ.) ஒன்றை வடிவமைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் ஊறினால் ஏதேனும் ஒரு பீடம் 15 மி.மீ. அமிழவும், சரிவின் போக்கில் 20 மி.மீ. நகரவும் கூடும் என்கிறது மண் ஆய்வு அறிக்கை. இதை விசையாகக் கொடுப்பதா, தாங்கியின் இடப்பெயர்ச்சியாகக் கொடுப்பதா? இடப்பெயர்ச்சியாகக் கொடுத்தால் எதிர்விசைகள் நம்ப முடியாத அளவுக்கு வருகின்றன.

மறுமொழி 1

இடப்பெயர்ச்சியாகத்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு நகரும் என்பது மண்ணைப் பொறுத்தது. அதனால் எழும் விசையோ குழாயின் விறைப்பையும் பொறுத்தது. ஆனால் குழாய் பீடத்தின் மேல் வெறுமனே அமர்ந்திருந்தால், உங்கள் மாதிரியில் அமிழும் பீடம் குழாயைக் கீழே பிடித்து இழுக்கும். களத்தில் அப்படி நடக்காது. நீண்ட தொடர்குழாய் என்று கைக்கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நீர் நிறைந்திருக்கையில் சுமார் 11 மி.மீ. அமிழ்விலும், காலியாக இருக்கையில் சுமார் 6 மி.மீ. அமிழ்விலும் குழாய் பீடத்தை விட்டு விலகிவிடுகிறது. அதன்பின் பீடம் 15 மி.மீ. இறங்கினாலும் 50 மி.மீ. இறங்கினாலும் குழாயின் தகைவு (பரப்பலகின் மீதான உள்விசை) கூடுவதில்லை. ஆகவே பீடத்தை அழுத்தத்தை மட்டும் ஏற்கும் குட்டை உறுப்பாக வைத்து, அதன் அடிமுனைக்கு இடப்பெயர்ச்சியைக் கொடுங்கள். எடையும் அமிழ்வும் ஒரே சுமைநிலையில் இருக்க வேண்டும். தனித்தனியே ஓட்டி, விடைகளை மட்டும் கூட்டும் 'லோடு காம்பினேஷன்' மூலம் சேர்த்தால் விடை தவறாகும், சுமைகளையே ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் 'ரிப்பீட் லோடு' தான் பொருந்தும்.

மறுமொழி 2

நம்ப முடியாத எண் அந்த 20 மி.மீட்டரிலிருந்து வந்திருக்கும். அடுத்த பீடத்திலும் குழாயை நீளவாக்கில் பூட்டியிருந்தால், 6 மீட்டர் குழாயை 20 மி.மீ. நீட்டச் சுமார் 3,600 கிலோநியூட்டன் வேண்டும் என்று மென்பொருள் சொல்லும் (எஃகு அதற்கு வெகு முன்பே இளகி நிரந்தரமாக நீண்டுவிடும் என்பது அதற்குத் தெரியாது). உண்மையில் பீடம் குழாயின் அடியில் வழுக்கிச் செல்லும். உராய்வுக் கெழுவை 0.3 என்று எடுத்தால், நீர் நிறைந்த குழாய்க்கும் ஒரு பீடம் கடத்தக்கூடியது ஏறத்தாழ 1.3 கிலோநியூட்டன் மட்டுமே.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இடையிடையே ஆங்கர் பிளாக்குகளும் உண்டு. அவற்றுக்கும் இதே முறைதானா?

மறுமொழி 2

இல்லை. அவை குழாயை இறுகப் பிடிப்பதால் நகர்வு முழுவதையும் கொடுத்தாக வேண்டும். 30 பாகைச் சரிவில் 20 மி.மீ. என்றால் கிடையாக 17.3, கீழ்நோக்கி 10. இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே எல்போ (குழாயின் வளைவுத் துண்டு) இருந்தால், அந்தப் பகுதியைக் குழாய்த் தகைவு மென்பொருளான சீசர்-2 இல் சரிபாருங்கள். சாதாரண உத்திர உறுப்பு, எல்போவின் நெகிழ்வையும் அங்கே தகைவு பெருகுவதையும் கணக்கில் கொள்வதில்லை.