சுமாரான பிட்சர்கள் இருபது வருடம் நீடித்தது எப்படி?

கேள்வி: கடைசிவரிசை

மேஜர் லீக் பேஸ்பாலைப் பார்க்கத் தொடங்கி மூன்று சீசன்கள்தான் ஆகின்றன. நேற்றிரவு பழைய புள்ளிவிவரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மைக் மார்கன் என்ற பிட்சரின் (பந்து வீசுபவர்) பெயரில் கண் நின்றுவிட்டது. முதல் ஆட்டம் 1978இல், கடைசி ஆட்டம் 2002இல். 141 வெற்றி, 186 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 4.23 ஓட்டங்கள் கொடுத்திருக்கிறார். ஆடிய அணிகள் பன்னிரண்டு.

ஜெயித்ததைவிடத் தோற்றது இவ்வளவு அதிகமாக இருக்கும் ஒருவரை அணிக்குப் பின் அணியாகக் கூப்பிட்டு வேலை கொடுத்தது ஏன்? இவரைப் போல வேறு யாரெல்லாம் இருந்தார்கள்? பெரிய நட்சத்திரங்களைப் பற்றி எங்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: பென்சில்கணக்கு

மார்கனைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே எனக்குச் சந்தோஷம். நீங்கள் பார்த்த எண்களுக்குப் பின்னால் ஒரு பையன் இருக்கிறான். வயது பதினெட்டு. பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கீழ்நிலையான மைனர் லீக்கில் ஒரு நாள்கூட வீசவிடாமல் ஓக்லண்ட் அணி அவனை நேராக மேஜர் லீக் மேட்டில் (பிட்சர் நின்று வீசும் இடம்) ஏற்றிவிட்டது. பால்டிமோருக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றான். ஆனால் கடைசி வரை அவன்தான் வீசினான். முதல் இரண்டு சீசன்களையும் சேர்த்தால் 2 வெற்றி, 13 தோல்வி. அந்த வயதில் அவ்வளவு அடி வாங்கினால் பலர் அத்தோடு காணாமல் போயிருப்பார்கள்.

அவர் போகவில்லை. 1992இல் சிகாகோ கப்ஸுக்காக 16 வெற்றி, 8 தோல்வி, சராசரி 2.55. அந்த ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக் காட்டினால் இவரைச் சுமாரானவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். 1998 சீசனில் மார்க் மெக்வயர் அடித்த 61ஆவது ஹோம் ரன் (எல்லாத் தளங்களையும் சுற்றி ஓட்டம் எடுக்கவைக்கும் அடி) இவர் வீசிய பந்தில் போனது. 2001இல் அரிசோனா, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது, நாற்பத்திரண்டு வயதில், அந்தத் தொடரிலும் பந்து வீசினார்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் வைத்தால் 1,458 இன்னிங்ஸ். அத்தனையையும் யாராவது வீசியாக வேண்டும். முதலில் இறங்கும் பிட்சர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே மூச்சுவாங்கினால், மீதி ஆறையும் பின்னால் காத்திருப்பவர்கள் பங்குபோட வேண்டும். மறுநாள் அவர்கள் கை எழாது. ஆறு இன்னிங்ஸ் வீசி நான்கு ஓட்டம் கொடுப்பவர் உங்களுக்கு அந்த ஆட்டத்தை ஜெயித்துத் தராமல் போகலாம், ஆனால் அடுத்த இரண்டு ஆட்டங்களைக் காப்பாற்றித் தருகிறார். இவர்களை அமெரிக்க ரசிகர்கள் ‘இன்னிங்ஸ் தின்பவர்’ என்பார்கள். லிவான் ஹெர்னாண்டஸ் அப்படிப்பட்டவர். 1996 முதல் 2012 வரை ஆடி 178 வெற்றி, 177 தோல்வி. மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணி தன் கடைசி சீசனான 2004இல் 95 ஆட்டங்கள் தோற்றது. அந்த அணிக்காக அவர் 255 இன்னிங்ஸ் வீசினார். உடைந்துகொண்டிருந்த கப்பலில் அந்த ஒரு கைதான் துடுப்பை விடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர் எட்வின் ஜாக்சன். பதினான்கு அணிகள், அதைவிட அதிக அணிகளுக்கு எவரும் ஆடியதில்லை. 107 வெற்றி, 133 தோல்வி, சராசரி 4.78. தன் இருபதாவது பிறந்தநாளில் முதல் ஆட்டம் ஆடி, எதிரில் வீசிய ராண்டி ஜான்சனையே தோற்கடித்தவர்.

ஆட்டம் பார்க்கும்போது ஸ்கோரைப் பென்சிலால் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நான்கு பந்து வெளியே போய்ப் பேட்டர் இலவசமாக முதல் தளத்துக்கு நடந்தால் அந்தக் கட்டத்தில் ‘ந’ என்று எழுதுவேன். 2010 ஜூன் 25, டாம்பா பேவுக்கு எதிராக ஜாக்சன் அரிசோனாவுக்கு வீசிய ஆட்டத்தின் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. மூன்று இன்னிங்ஸுக்குள் ஏழு ‘ந’. மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர்கூட அவுட் ஆகாத நிலையில் மூன்று தளங்களிலும் ஆட்கள். அங்கே நான் பென்சிலை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறேன் என்றால், தாளின் பின்பக்கத்தைத் தடவினால் இன்றும் விரலில் தட்டுகிறது. ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் அதிலிருந்து வெளியே வந்தார். பிறகு நிதானம் வந்துவிட்டது. அன்று அவர் வீசிய பந்துகள் 149. நடக்கவிட்டது எட்டுப் பேரை. அரிசோனா 1, டாம்பா பே 0. ஹிட் (பேட்டர் பந்தை அடித்துத் தளம் சேர்வது) எழுதும் வரிசையில் முதல் கட்டம் முதல் கடைசிக் கட்டம் வரை பூஜ்யம். ஒரு ஹிட்கூட இல்லாத ஆட்டம், நோ-ஹிட்டர்! அதுவும் முன்பு அவரை வைத்திருந்து அனுப்பிவிட்ட அணிக்கு எதிராக.

இப்படி ஒரு நாள் இந்தக் கைக்குள் இருக்கிறது என்று பார்த்தவர்கள் எப்படி அவரை விடுவார்கள்? பதினான்கு அணிகளும் தேடியது அந்தக் கையைத்தான் என்று நான் நம்புகிறேன்.

பதில்: மெதுபந்து

ஜேமி மோயரை விட்டுவிட்டீர்களே! 269 வெற்றி வாங்கியவரைச் சுமார் என்று சொல்ல மனம் வரவில்லைதான். ஆனாலும் 1991 முடிவில் அவர் கணக்கு 34 வெற்றி, 54 தோல்வி என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு கப்ஸ் அணி அவரைக் கழற்றிவிட்டுப் பயிற்சியாளர் வேலை தருவதாகச் சொன்னது. வயது இருபத்தொன்பது. முடியாது என்று சொல்லிவிட்டு மைனர் லீக்குக்குத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு இருபது வருடம். வேகம் எப்போதுமே கிடையாது. பேட்டர் பந்து வந்துவிட்டது என்று மட்டையைச் சுழற்றும்போது பந்து இன்னும் வந்துகொண்டிருக்கும், அதுதான் அவர் வித்தை. 522 ஹோம் ரன் கொடுத்திருக்கிறார். வரலாற்றில் வேறு எவரும் அத்தனை கொடுத்ததில்லை. அத்தனை கொடுக்க வேண்டுமானால் அத்தனை வருடம் ஓர் அணி பந்தைக் கையில் தந்திருக்க வேண்டும் அல்லவா? முழங்கை அறுவை சிகிச்சைக்காக 2011 முழுவதும் உட்கார்ந்துவிட்டு, 2012 ஏப்ரல் 17 அன்று கொலராடோவுக்காக சான் டியாகோவை ஜெயித்தார். அன்று அவருக்கு 49 வயது. மேஜர் லீக்கில் வெற்றி பெற்ற பிட்சர்களில் மிக மூத்தவர்.

பதில்: முதல்தளம்

இடது கையை மறந்துவிடாதீர்கள். டெரி முல்ஹாலண்ட் 1986 முதல் 2006 வரை ஆடினார், 124 வெற்றி, 142 தோல்வி. இடது கைப் பிட்சர் முதல் தளத்தைப் பார்த்தபடி நிற்பார், அங்கே இருப்பவர் திருட்டுத்தனமாக இரண்டாம் தளத்துக்கு ஓட யோசிப்பார். முல்ஹாலண்ட் இதில் புலி. புதிதாக வந்த 1986இலேயே ஒரு சம்பவம்: அடித்த பந்து அவர் கையுறைக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தவர் கீத் ஹெர்னாண்டஸ். இவர் பந்தோடு சேர்த்துக் கையுறையையே கழற்றி முதல் தளத்துக்கு எறிந்தார். அவுட்!

ஒரே ஓர் இடது கைப் பேட்டருக்கு வீசிவிட்டு உட்கார்ந்துவிடும் இடது கை ரிலீவர்களும் (நடுவில் மாற்றாக இறங்கும் பிட்சர்கள்) இப்படிப் பல வருடம் ஓட்டினார்கள். 2020இல் குறைந்தது மூன்று பேட்டருக்காவது வீச வேண்டும், இல்லாவிட்டால் அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பிழைப்பு அத்தோடு போயிற்று.

பதில்: மைனர்லீக்ரசிகன்

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2006இல் செயின்ட் லூயிசுக்காக நேஷனல் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதித் தொடரில் ஜெஃப் சப்பான் அற்புதமாக வீசினார். அதற்குப் பிறகு மில்வாக்கி அவருக்கு நான்கு வருடத்துக்கு 4.2 கோடி டாலர் தந்தது. வருடத்துக்கு வருடம் அவர் கொடுத்த ஓட்டங்கள் ஏறிக்கொண்டே போயின, 2010இல் நடுவிலேயே விடுவித்தார்கள். அதுவரை அந்த இடம் கிடைக்காமல் மைனர் லீக்கில் பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருந்த பையன்களை யார் நினைக்கிறார்கள்? பழக்கப்பட்ட முகம் என்பதற்காகவே சில இடங்கள் காலியாவதில்லை.

பதில்: பென்சில்கணக்கு

மைனர்லீக்ரசிகன், நீங்கள் சொல்வது நியாயம். மறுக்கமாட்டேன். ஆனாலும் சப்பானை மில்வாக்கி விட்ட அதே மாதத்தில் செயின்ட் லூயிஸ் மறுபடியும் எடுத்துக்கொண்டது. காயம்பட்ட பிட்சர்களின் இடத்தில் நாளைக்கே வீச ஓர் ஆள் வேண்டும் என்றால், அழுத்தத்துக்குப் பழகிய ஆளைத்தான் கூப்பிடுவார்கள்.

கடைசிவரிசை, உங்களுக்கு இன்னும் ஒரே ஒருவரைச் சொல்ல வேண்டும். போபோ நியூசம். 1929இல் தொடங்கி 1953 வரை. 211 வெற்றி, 222 தோல்வி. வாஷிங்டன் அணி மட்டும் அவரை ஐந்து முறை சேர்த்துக்கொண்டது. மூன்று சீசன்களில் இருபது ஆட்டம் ஜெயித்தார், வேறு மூன்று சீசன்களில் இருபது ஆட்டம் தோற்றார். 1940 உலகத் தொடரில் டெட்ராய்டுக்காக முதல் ஆட்டத்தை ஜெயித்தார். அதைப் பார்க்க வந்திருந்த அவர் தந்தை மறுநாள் காலையில் இறந்துபோனார். நியூசம் ஐந்தாவது ஆட்டத்தில் மேட்டில் ஏறி, சின்சினாட்டிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் 8-0 என்று முடித்தார். ஒரே ஒரு நாள் இடைவெளி விட்டு ஏழாவது ஆட்டத்துக்கும் அவரே வந்தார். அதில் 2-1 என்று தோற்றார்.